விண்மீனை அரித்தெடுத்த வரலாறு

இரத்தினபுரி என்னும் பெயரிலேயே அவ்வூரின் தொழில் அடங்கியிருக்கின்றது. களுகங்கையும் அதன் கிளைகளும் மலைகளிலிருந்து கொணர்ந்து சேர்த்த சரளைக்கற்கள், நெல்வயல்களின் சேற்றுக்கும் களிமண்ணுக்கும் கீழே ஒரு படையாகத் தங்கிக் கிடக்கின்றன. அப்படைக்கு 'இல்லம்' என்று பெயர். குழி தோண்டி அதனை மேலே கொணர்வோர், நெருங்கப் பின்னிய கூடையிலிட்டு நீரில் வட்டமாகச் சுழற்றுவர். களிமண் கரைந்தோடும், மணல் விளிம்பைத் தாண்டி வழியும், கனத்த கற்கள் மட்டும் கூடையின் நடுவில் தங்கும். நீலக்கல் தன் பருமனுள்ள நீரைவிட நான்கு மடங்கு கனமுடையது. வெறும் படிகக்கல்லோ இரண்டரை மடங்கினும் சற்றே மிகுந்தது. இந்தச் சிறு வேறுபாட்டை நம்பியே அத்தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றது.

இதற்குத் தமிழில் 'அரித்தல்' என்று பெயர். அரிசியை நீரிலிட்டுக் கல் நீக்கும் தாய்மாரும் அரிக்கின்றனர். சுளகிலிட்டுப் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என வேண்டுவதை வேண்டாததினின்று பிரிப்பதற்கு நம் மொழியில் எத்தனை சொற்கள்! சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இத்தொழில் வேறு உருவங்களிலும் விளங்குகின்றது. கேகாலைப் பகுதியில் வெட்டியெடுத்த இறப்பர் பாலை, உறைய வைப்பதற்கு முன் சல்லடையில் வடித்துப் பட்டையும் தூசும் நீக்குவர். தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றே அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையிலோ ஒரு சல்லடை போதாது. பெருங்கண் சல்லடை, சிறுகண் சல்லடை, அதனினும் நுண்கண் சல்லடை எனப் பலவற்றில் சலித்த பின்னரே இலையும் தூளும் வெவ்வேறு தரங்களாகப் பிரியும்.

வானியலறிஞர் இருபதாம் நூற்றாண்டில் கற்றுக்கொண்ட தொழிலும் இதுவேயாம். அவர்களுடைய இல்லம் வானத்தின் படம். அவர்கள் தேடும் இரத்தினம் அப்படத்தில் மங்கிக் கிடக்கும் விண்மீன். கூடை மட்டும் பிரம்பினாலன்றிக் கணக்கினால் பின்னப்பட்டது. மழைமேகம் ஓயாத இரத்தினபுரி மலைகளில் வானாய்வுகூடம் அமைப்பார் இல்லை. ஆயினும் அத்தொழிலின் நுட்பத்தை விளங்கிக்கொள்ள அம்மாகாணத்து மக்களைப் போலத் தகுதியுடையோர் வேறு எவரும் இலர் எனலாம்.

வரலாற்றைத் தொடங்க வேண்டிய இடம், தோட்டத் தொழிலாளரின் முன்னோர் புறப்பட்டு வந்த அதே தமிழகமாகும். கோப்பித் தோட்டங்களை நாடி அவர்கள் கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே கால்நடையாக மலையேறிய 1860-ஆம் ஆண்டுகளில், சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுகூடத்தில் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர் பொறுப்பேற்றிருந்தார். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய கூடம் அது. 1861-இல் அவர் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர் இடப்பட்டது. அவரிடம் துணைவராய்ப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார், தென்வானத்தில் ரெட்டிக்குலம் என்னும் மண்டலத்திலுள்ள ஒரு விண்மீன் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவதை 1867-இல் கண்டறிந்தார். இந்தியர் ஒருவர் கண்டுபிடித்த முதல் மாறொளி விண்மீன் அதுவே.

இவ்விருவரும் கையாண்ட கருவி தொலைகாட்டி மட்டுமன்று. பழகிய கண்ணும் நினைவும் கூடவே இருந்தன. வரைபடத்தில் இல்லாத புள்ளி வானத்தில் இருக்கின்றதா, நேற்றிருந்த ஒளி இன்று குறைந்துள்ளதா என்று இரவு முழுதும் ஒப்புநோக்கினர். மனிதக் கண் மிகச் சிறந்த அரிகூடை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கொரு குறையுண்டு. தான் எதனைக் கழித்துவிட்டது என்பதை அது எழுதி வைப்பதில்லை. இரகுநாதாசாரியார் கண்டதை நாம் அறிவோம். அவர் கண்ணுக்குத் தப்பியதை எவரும் மீண்டும் தேட இயலாது.

ஒளிப்படத் தகடு வந்தபோது இக்குறை நீங்கிற்று. கண்ணாடித் தகட்டில் பதிந்த வானம் நூறாண்டு கழித்தும் அப்படியே இருக்கும். கோடைக்கானலில் 1899-இல் நிறுவப்பட்ட வானாய்வுகூடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாகச் சூரியனை நாள்தோறும் தகடுகளிற் பதித்து வைத்தது. அமெரிக்காவில் ஆர்வர்டு வானாய்வுகூடத்தில் ஹென்றியெட்டா லெவிட் என்னும் அம்மையார், ஒரு நாளின் எதிர்ப்படத்தின் மீது வேறொரு நாளின் நேர்ப்படத்தை வைத்து நோக்கும் முறையைக் கையாண்டார். மாறாத விண்மீன்களின் கருமையும் வெண்மையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மாறியவை மட்டும் தனித்துத் தெரியும். இவ்வகைத் தகடுகளை ஆராய்ந்து, மகெல்லன் முகில்களில் 1,777 மாறொளி விண்மீன்களை அவர் 1908-இல் பட்டியலிட்டார். கணினி என்னும் பொறி பிறப்பதற்கு முன்பே அங்கே ஓர் அரிப்பு நிகழ்ந்தது.

ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் இன்னும் ஒரு படி சென்றார். தகட்டிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு நேர்ப்படியை எடுத்து, அதனை மூலத்தகட்டோடு சேர்த்து அச்சிட்டார். பரந்த ஒளி மங்கற்படியினால் தணிந்தது. நுண்ணிய உருவங்கள் எஞ்சின. தகட்டின் மேற்பரப்பில் மட்டும் படிந்திருக்கும் மெல்லொளியைப் பெருக்கிக் காட்டும் வேறொரு முறையும் அவர் கையில் இருந்தது. எளிய பேரண்டத் தீவுகள் எனக் கருதப்பட்ட நீள்வட்ட மண்டலங்களைச் சூழ்ந்து மெல்லிய ஓடுகள் இருப்பதை 1980-இல் அவரும் டேவிட் கார்ட்டரும் வெளியிட்டனர். இருட்டறையும் இரசாயனமும் கொண்டு செய்த இவ்வேலையையே பிற்காலத்து மென்பொருள் எண்களால் செய்கின்றது.

எண்களால் செய்வது எப்படி? இதனைச் சற்று நின்று நோக்க வேண்டும். சிற்றலையில் தொலைதூர நிலையமொன்றைத் தேடிப் பழகிய வானொலி நேயர்கள் இரைச்சல் என்பதை நன்கறிவர். படத்திலும் அத்தகைய இரைச்சல் உண்டு. இருண்ட வானமும் முற்றிலும் இருண்டதன்று. அதன் மெல்லொளி மழைத்துளி போலத் துளித்துளியாக விழுகின்றது. ஒரு படப்புள்ளியில் சராசரி 400 ஒளித்துகள் விழுமாயின், ஒன்றில் 380, வேறொன்றில் 420 என அது ஏறியும் இறங்கியும் நிற்கும். இயல்பான ஏற்றத்தாழ்வு 400-இன் வர்க்கமூலமாகிய 20 ஆகும். இப்போது ஒரு மங்கிய விண்மீனின் 270 ஒளித்துகள் ஒன்பது படப்புள்ளிகளில் பரவி விழுகின்றன என்க. புள்ளிக்கு 30 வீதம் கிடைக்கின்றது. தனித்தனியே பார்த்தால் அது ஏற்றத்தாழ்வைப் போல ஒன்றரை மடங்கே, இரைச்சலில் மறைந்துபோகும். ஒன்பதையும் ஒன்றாய்க் கூட்டினாலோ வானொளி 3,600, அதன் ஏற்றத்தாழ்வு 60, விண்மீன் 270. நான்கரை மடங்கு உயர்ந்து அது தலைநீட்டுகின்றது. புதிதாய் ஒளி எதுவும் சேர்க்கப்படவில்லை. சிதறிக் கிடந்தது ஒன்றுசேர்க்கப்பட்டது, அவ்வளவே.

எத்தனை புள்ளிகளைக் கூட்டுவது என்பதே அடுத்த வினா. குறைவாகக் கூட்டினால் விண்மீனின் ஒளியில் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். மிகுதியாகக் கூட்டினால் வானத்தின் இரைச்சலே கூடைக்குள் நிரம்பும். இதற்கு விடை வானியலிலிருந்து வரவில்லை. போர்க்காலத்து ரேடாரிலிருந்து வந்தது. எங்கும் ஒரே தன்மையதாய்ப் பரவிய இரைச்சலில் ஒரு குறியைத் தேடுவோர்க்கு, அக்குறியின் வடிவத்தையே உடைய வடிப்பான்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பதை அமெரிக்காவின் ஆர். சி. ஏ. கம்பெனியைச் சேர்ந்த டி. ஓ. நோர்த் 1943-இல் எழுதிய அறிக்கையொன்றில் நிறுவினார். தேடும் பொருளின் உருவமே சல்லடையின் கண்ணாக அமைய வேண்டும் என்பது இதன் கருத்து.

படங்களை எண்களாகப் பதியும் கருவிகள் பெருகியதும் இவ்வுண்மை மென்பொருளாயிற்று. 1981-இல் ஜார்விசும் டைசனும் மங்கிய மண்டலங்களைத் தானாகத் தேடிப் பிரிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். 1987-இல் கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து பீற்றர் ஸ்டெட்சன், நெருங்கிக் கிடக்கும் விண்மீன் கூட்டங்களை அளக்கும் 'டாவோபாட்' என்னும் மென்பொருளை வழங்கினார். 1996-இல் பிரெஞ்சு அறிஞர் எம்மானுவேல் பெர்த்தன், ஸ்தெபான் ஆர்னூ ஆகியோரின் 'சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர்' வந்தது. உலகின் வானாய்வுகூடங்கள் பலவற்றிலும் அது பரவிற்று.

அம்மென்பொருளோடு வரும் எளிய வடிப்பானைச் சிறு பிள்ளையும் தாளில் எழுதிவிடலாம். மூன்று நிரை, மூன்று நிரல். முதல் நிரையில் 1, 2, 1. நடுநிரையில் 2, 4, 2. கடைநிரையில் மீண்டும் 1, 2, 1. ஒவ்வொரு படப்புள்ளியின் மீதும் இதனை வைத்து, நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, பக்கத்திலுள்ளவற்றை இரண்டால் பெருக்கி, மூலையிலுள்ளவற்றை அப்படியே சேர்த்து, 16-ஆல் வகுக்க வேண்டும். நடுவில் உயர்ந்து புறத்தே தாழும் இந்த எண்கூட்டம் விண்மீனின் மங்கிய உருவத்தை ஒத்தது. நோர்த் சொன்ன நெறி ஒன்பது எண்களுக்குள் அடங்கிவிட்டது!

இம்மென்பொருளில் போற்றத்தக்க ஒழுங்கு இன்னொன்றுண்டு. வடித்த படத்தைக் கொண்டு அது விண்மீனைக் கண்டுபிடிக்கின்றதேயன்றி, அதன் ஒளியை அளப்பதில்லை. இடம் தெரிந்தவுடன் வடிக்காத மூலப்படத்துக்கே திரும்பிச் சென்று அங்கே அளக்கின்றது. தேடுவதற்கு ஒரு படம், அளப்பதற்கு வேறொரு படம். இவ்விரண்டையும் குழப்பினால், அருகிலுள்ள இரு விண்மீன்கள் ஒன்றாகக் கலந்தும், சிறியது பெரிதாகப் பரந்தும் தோன்றும்.

கண்டவற்றுள் மெய் எது, பொய் எது என்பதற்கு ஒரு வாயில் வைக்க வேண்டும். பக்கத்துக்கு 2,000 புள்ளி உடைய படத்தில் 40 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. ஏற்றத்தாழ்வைப் போல மூன்று மடங்கு உயர்ந்ததெல்லாம் விண்மீன் என்று கொண்டால், இரைச்சல் மட்டுமே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொய்ம்மீன்களைப் பெற்றுத் தரும். ஐந்து மடங்கு என்று வாயிலை உயர்த்தினால் பொய் ஏறக்குறைய ஒன்றாகக் குறையும். ஆனால் மேலே கண்ட நான்கரை மடங்கு விண்மீனும் அப்போது வாயிலுக்கு வெளியே நிற்கும். பொய்யை முற்றும் விலக்கவும், மெய்யை முற்றும் கொள்ளவும் ஒருசேர வல்ல சல்லடை எங்கும் இல்லை.

தேயிலைத் தொழிற்சாலையின் பல சல்லடை முறையை வானியலில் காண விரும்புவோர், தமிழர் ஒருவரின் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைகாட்டியை நோக்கலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் 'சந்திரா' என்று பெயரிடப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைகாட்டி 1999 ஜூலையில் விண்ணில் ஏவப்பட்டது. அதன் படத்தின் நடுவில் ஒரு மூலம் கூர்மையான புள்ளியாகத் தெரியும்; ஓரத்திலோ அதே மூலம் பரந்து மங்கும். மிக மங்கிய மூலங்களிலிருந்து பல மணிநேரத்தில் ஒரு சில துகள்களே வந்து சேரும். ஒரே அளவுள்ள கண் இங்கு உதவாது. ஆகவே பீற்றர் ஃபிரீமன், வினய் காஷ்யப் முதலானோர் 2002-இல் விளக்கிய முறையில், மெக்சிக்கத் தொப்பி போன்ற உருவமுடைய வடிப்பானைச் சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் படத்தின்மீது செலுத்துகின்றனர். அத்தொப்பியின் நடு மேடு கூட்டும். சுற்றியுள்ள பள்ளம் கழிக்கும். இரண்டும் சேர்ந்தால் சுழியம். எங்கும் ஒரே சீராய்ப் பரவிய ஒளி தானே அழிந்துவிட, குவிந்த ஒளி மட்டும் எஞ்சுகின்றது. இவ்வகையில் பிறிதொரு முறைக்குப் பிரெஞ்சு மொழியில் 'துளைகளுடன்' என்றே பெயர் வைத்திருக்கின்றனர். சல்லடை என்னும் தமிழ்ச்சொல்லை அவர்கள் அறிந்திருந்தால் அதனையே கொண்டிருப்பர் போலும்.

இனி, சல்லடை செய்யும் தீங்கினையும் சொல்லவேண்டும். ஏனெனில் இவ்வரலாற்றின் உயிர்நிலை அதுவேயாம். சிறுமணியைத் தேடும் கண்ணுடைய கூடை, பெரும்பொருளைத் தவறவிடக்கூடும். இது நடந்தேயிருக்கின்றது. பரந்து மெலிந்த ஒளியுடைய மண்டலங்கள் வானொளியில் மறைந்து எண்ணிக்கைக்கே வராமற் போகின்றன என்று 1976-இல் மைக்கேல் டிஸ்னி எச்சரித்தார். பத்தாண்டு கழித்து, மாலினின் பெருக்கிய தகடுகளிலிருந்தே அதற்குச் சான்று கிடைத்தது. 1987-இல் விவரிக்கப்பட்ட 'மாலின் 1' என்னும் சுருள்மண்டலம், நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது. அறியப்பட்ட சுருள்மண்டலங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சிறியதாய் இருந்ததனால் அன்று, பெரிதாய்ப் பரந்திருந்ததனாலேயே அது அதுவரை ஒளிந்திருந்தது! பட்டியலில் ஏறாத பொருளைப் பிறகு எவரும் தேடிச் செல்வதில்லை. அதனாற்றான் வடிப்பானைத் தேர்வது வெறும் கணக்கு வேலையன்று.

இதற்கு மறுதலையான ஏமாற்றமும் உண்டு. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று உணர்கருவியில் பட்டால் ஒரே புள்ளி கூர்மையாகச் சுடர்விடும். அதனை மென்மையாக்கும் வடிப்பானில் இட்டால், அழகிய விண்மீனைப் போலவே உருப்பெற்று வெளிவரும். ஹபிள் தொலைகாட்டியின் அகன்றபுலக் கருவியில் இத்தொல்லை மிகுதி. அங்கே மெய்யான விண்மீனும் ஓரிரு புள்ளிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. ஒரே புலத்தை அடுத்தடுத்துப் பலமுறை பதிந்து, ஒன்றில் மட்டும் தோன்றுவதைக் கழிப்பதே அதற்கு மருந்து. அத்தொலைகாட்டி வேறொரு பொருளை நோக்கியிருக்கும் வேளையில் பக்கத்து வானத்தைச் சும்மா பதிந்து சேர்த்த படங்களை ஆராய்ந்த குழுவில், இலங்கையரான கவன் ரத்னதுங்க முதன்மையான பங்கு கொண்டார். கண்டெடுத்த ஒவ்வொரு மண்டலத்துக்கும் தட்டும் மையக்குவியலும் கொண்ட மாதிரியொன்றைக் கணக்கிட்டுப் பொருத்தும் முறையை அவரும் கிரிபித்ஸ், ஆஸ்ட்ராண்டர் ஆகியோரும் 1999-இல் வெளியிட்டனர். தூரத்து ஒளியைத் தம் ஈர்ப்பினால் வளைக்கும் மண்டலங்கள் எனக் கருதத்தக்க பத்தினை அதே ஆண்டில் அவர்கள் அப்படங்களிலிருந்து பொறுக்கி எடுத்தனர்.

பொறி கழிக்கக்கூடியதைக் கண் காத்த கதையும் ஒன்றுண்டு. 1967-இல் கேம்பிரிட்ஜ் மாணவியாகிய ஜோசலின் பெல், வானொலித் தொலைகாட்டி நாள்தோறும் நூறடி நீளத்துக்கு எழுதித் தள்ளிய தாளைத் தம் கண்ணாலேயே பார்த்து வந்தார். அதில் ஓரிடத்தில் இருந்த சிறு கிறுக்கல், விண்மூலமும் அன்று, மனிதர் செய்த இடையூறும் அன்று என்பது அவருக்குத் தோன்றிற்று. ஏறக்குறைய 1.34 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் முதல் துடிவிண்மீன் அக்கிறுக்கலில் இருந்தது. அவர் எதிர்பார்த்த உருவம் அதற்கு இல்லை. எதிர்பார்த்த உருவத்தை மட்டும் கொள்ளும் சல்லடை அங்கே அன்று இல்லாதது நல்வினையே.

இக்காரணத்தாலேயே கழிவென எண்ணி எதனையும் எறிந்துவிடாத வழக்கம் வானியலில் நிலைபெற்றது. கோடைக்கானற் கூடம் நூறாண்டுக் காலம் சேர்த்த சூரியத் தகடுகளை எண்படங்களாக மாற்றியுள்ளனர். அவற்றில் தகட்டின் கறையையும் சூரிய விளிம்பின் மங்கலையும் நீக்க, பரந்த ஒளியை முதலில் மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். அதன் பின்னரே ஒளித்திட்டுகளை மென்பொருள் எண்ணும். கழிப்பு மிகுந்தால் மெல்லிய திட்டுகளும் கூடவே போய்விடும். சூரியனுடைய ஒரு நூற்றாண்டின் வரலாறே சற்று மாறித் தோன்றும். வடிப்பானைத் திருத்தியமைக்கும் போதெல்லாம் மூலத்துக்கே திரும்பிச் செல்ல வழி இருத்தல் இன்றியமையாதது.

சந்திராவின் படங்களுக்கும் இவ்வாறே நேர்ந்தது. 2009-இல் வெளியான அதன் முதற் பட்டியலில் 94,676 எக்ஸ்-கதிர் மூலங்கள் இருந்தன. பின்னர் புதிய படங்களும் சேர்ந்தன; பழைய படங்களையும் விட்டுவிடாமல், ஒரே புலத்தை நோக்கியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, திருத்திய முறையில் மீண்டும் அரித்தனர். 2019-இல் வெளிவந்த இரண்டாம் பட்டியலில் மூலங்களின் தொகை 3,17,167 ஆயிற்று.